கோது மசகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் 'கேஸ் லூப்' என்றுதான் சொல்கிறார்கள். கடையில் கேட்பதும் அதே பெயரில்தான். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்புவதற்காக, அதை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவருமுன் அதன்மேல் தடவும் வழுக்குப் பொருள் அது. தடவாமல் தள்ளினால் கூடு அச்சிலேயே இறுகிவிடும். அப்புறம் அதன் அடியைத் துளைத்து, மரை வெட்டி, திருகாணி மாட்டி இழுக்க வேண்டியதுதான்.

லூப் என்பது லூப்ரிகன்ட்டின் சுருக்கம். லத்தீனில் 'லூப்ரிகுஸ்' என்றால் வழுக்குவது. கேஸ், பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்களோ வெற்றுக் கூட்டை 'டொப்பி' என்பார்கள். டொப் என்றால் ஓடு, டொப்பி சின்ன ஓடு. நம் தொப்பிக்கும் அதற்கும் உறவில்லை.

இதே கற்பனை தமிழிலும் இருக்கிறது. முட்டை ஓட்டைக் கோது என்னும் இலங்கைத் தமிழர், சுட்டபின் கிடக்கும் கூட்டையும் கோது என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்த சொல், அதனால் கேஸ் லூபைக் 'கோது மசகு' என்பேன். 'தோட்டா மசகு' என்றால் குழப்பம் வரும்: தோட்டா என்பது குண்டு, மருந்து, கூடு எல்லாம் சேர்ந்தது, ஈயக் குண்டுக்கென்று தனி மசகும் உண்டு. பாடநூல்கள் 'உயவுப் பொருள்' என்கின்றன. சரி, தவறில்லை, ஆனால் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட மசகு இருக்கும்போது அது எதற்கு? 'மசகு எண்ணெய்' என்று மட்டும் நீட்டாதீர்கள், இலங்கையில் அது கச்சா எண்ணெய். 1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த கொழுப்பும் இதுவல்ல. அது காகிதத் தோட்டாவில் பூசியது.

வகைகளில் மெழுகு மசகுதான் புதியவருக்கு நல்லது. விரல் நுனியில் துளி எடுத்துக் கோதின் உடம்பில், முக்கியமாக அடிப்பக்கத்தில், மெல்லத் தேய்த்தால் போதும். கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் கூடிப்போனால், மசகு வெளியேற வழியில்லாமல் பித்தளையில் குழி விழும். தெளிக்கும் வகை பலவற்றில் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பான லனோலினை ஆல்கஹாலில் கரைத்திருப்பார்கள். ஆல்கஹால் ஆவியாகும்வரை பொறுக்க வேண்டும். கோது சிக்குவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். கழுத்தின் உட்புறத்துக்கு உலர்ந்த கிராஃபைட் தூள் போதும். கைத்துப்பாக்கியின் நேரான கோதுகளுக்கு, அச்சு கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளாக இருந்தால், பொதுவாக மசகே தேவைப்படாது.

மருந்து நிரப்புமுன் மசகைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். சுடும் நொடியில் கோது, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரைப் பற்றிக்கொள்வதால்தான் பின்னோக்கிய விசையில் ஒரு பங்கு அங்கேயே நிற்கிறது. பிசுக்கு இருந்தால் பிடி நழுவி, அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் மேல் கூடுதல் சுமை ஏறும். உள்ளே தங்கிய எண்ணெயோ மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரையும் மருந்தையும் கெடுத்துவிடும்.