சிலிண்டரைப் படுக்கப் போடாதீர்கள்

எரிவாயுப் பாதுகாப்புச் சோதனைக்காகக் கல்யாண மண்டபச் சமையல்கூடங்களுக்குப் போகிறவன் நான். அடிக்கடி பார்ப்பது இதுதான்: அண்டாவில் சாம்பார் பாதி கொதிக்கும்போது தீ இறங்கிவிடும். சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்திருக்கும், சில சமயம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். உடனே ஒருவர் அதைப் படுக்கப் போடுவார், இன்னொருவர் வெந்நீர் ஊற்றுவார். "அடியில கேஸ் தங்கியிருக்கு சார், கவுத்தா வந்துடும்" என்பார் மாஸ்டர்.

தங்கியிருப்பது உண்மை. ஆனால் அது திரவம்.

உள்ளே புரோப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தில் திரவமாக இருக்கின்றன. திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடியே நகர்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் கிடையாது. வேகம் மிகுந்தவை பிடியை விட்டுத் துள்ளி, மேலே வாயுவாகின்றன. மெதுவானவைதான் மிஞ்சும். அவற்றின் சராசரி வேகம் குறைவதைத்தான் குளிர்ச்சி என்கிறோம். வீட்டு அடுப்புக்கு வாயு கொஞ்சமாகப் போவதால், வெளிக்காற்றின் சூடே அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். ஒரே 19 கிலோ சிலிண்டரில் மூன்று பெரிய அடுப்புகளை மாட்டினால் ஈடுகட்ட முடியாது. பனி பூக்கும் அளவுக்குக் குளிர்ந்தால், சுமார் 0 டிகிரியில் கொதிக்கும் பியூட்டேன் வாயுவாவது மிகவும் குறைந்துவிடும். அழுத்தம் விழும், தீ இறங்கும்.

இந்த நேரத்தில் படுக்கப் போட்டால் வால்வு திரவத்துக்குள் முங்கிவிடுகிறது. ரெகுலேட்டருக்கும் ரப்பர் குழாய்க்கும் வாயுவுக்குப் பதில் திரவமே போகிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு! மூலக்கூறுகள் பிடிவிட்டு விலகும்போது அவ்வளவு இடம் கேட்கும். அடுப்பில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பலாம். குழாய் கசிந்தாலோ, காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு பரவும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கசிவு வாடை வந்தால் வால்வை மூடுங்கள், கதவைத் திறங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள்.

வெந்நீரும் வேண்டாம். உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட அதில் மீட்டர் கிடையாது. வெந்நீரில் பழகிய கை அடுத்து நெருப்பைக் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

சரி, சமையல் நிற்கக் கூடாதே? நாலைந்து சிலிண்டர்களை மேனிஃபோல்டில், அதாவது எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்க்கும் அமைப்பில், இணைத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சமாகக் கொடுத்தால் எதுவும் அவ்வளவு குளிராது. பனி பூத்த சிலிண்டரின் வால்வை மூடி, நிமிர்ந்த நிலையிலேயே ஓரமாக வையுங்கள். பனி கரைந்து பழைய சூட்டுக்கு வந்ததும், காலி என்று நினைத்த அதே சிலிண்டர் மறுபடி எரியும்.