கல் விழுந்தது எதனால்?

"வாழத்தண்டுச் சாறு மூணு நாள் குடிச்சேன், கல்லு விழுந்துட்டு பாத்துக்கோ" என்று முக்கூடல் சித்தி சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தலையாட்டினோம். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் சிறுநீரகக் கல் விழுந்திருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையால் என்றார் அவர். எதிர்வீட்டு ஆச்சி சிறுபீளைக் கஷாயம் குடித்தவர். அவருக்கும் விழுந்தது. மூன்று பேருக்கும் கல் விழுந்தது உண்மைதான். ஆனால் எது யாருக்கு உதவியது? இதைத் தெரிந்துகொள்ள அரசாங்கப் பணமும் பல ஊர் ஆஸ்பத்திரிகளும் வேண்டும்.

முதலில் கல்லைப் பார்ப்போம். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியின் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாத்தியில் நீர் வற்ற வற்ற, மிச்ச நீரால் உப்பைக் கரைத்து வைத்திருக்க முடியாமல் போகிறது. உப்பு படிகமாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது, உடம்புக்குத் தேவையான நீரைச் சிறுநீரகம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. அதிலுள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகின்றன. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். காலையில் சுளகை மடியில் வைத்தால் பொழுது சாயும்வரை பீடி சுற்றும் பெண்கள் தண்ணீர் குடிக்கவே எழுந்திருப்பதில்லை. செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்பவர்கள், ஒதுங்க இடமில்லை என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பதும் உண்டு. இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் உட்புறம் சுமார் 3, 4 மில்லிமீட்டர்தான். கல் அதில் சிக்கும்போதுதான் ஆளைச் சுருட்டிப்போடும் அந்த வலி வருகிறது. ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, எதுவும் செய்யாமலேயே தானாக இறங்கிவிடுகின்றன. சித்தி சாறு குடிக்காமலே இருந்திருந்தாலும் கல் விழுந்திருக்கக்கூடும். அண்ணாச்சிக்கும் ஆச்சிக்கும் இதே கதைதான். (வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ சாறும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

தானாகவே சரியாகும் ஒரு நோயில் மருந்தின் பங்கைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா இருந்தாலே 100 பேரில் 80 பேருக்குச் சரியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருந்து அதை 90 ஆக உயர்த்துகிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, மருந்து வாங்கியவர்கள், வாங்காதவர்கள் என்று இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 400 பேர் வேண்டும். உயர்வு 85 வரைதான் என்றால் சுமார் 1,800 பேர். தேடும் வித்தியாசம் பாதியானால், தேவைப்படும் ஆட்கள் நான்கு மடங்குக்கும் மேல். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய இடமானாலும், தகுதியான கல், சம்மதம், நான்கு வாரம் கழித்துத் திரும்பி வருதல் என்று சல்லடை போட்டுச் சலித்தால் 1,800 பேரைச் சேர்க்கத் தனியாக எத்தனையோ வருடம் ஆகும். அதனால்தான் கூட்டு ஆய்வு.

பிரிட்டனில் இதைச் செய்து காட்டினார்கள். குழாயைத் தளர்த்திக் கல்லை இறக்கும் என்று நம்பி டாம்சுலோசின், நிஃபெடிபின் என்ற இரண்டு மாத்திரைகளை உலகமெங்கும் டாக்டர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகள் பலவும் 'ஆமாம், உதவுகிறது' என்றே சொல்லின. அரசின் சுகாதார ஆராய்ச்சி நிதியில் 24 மருத்துவமனைகள் சேர்ந்து 1,167 பேரை எடுத்துக்கொண்டன. யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானித்தது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 2015இல் முடிவு வெளியானது: நான்கு வாரத்தில் மேல்சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசினில் 81 சதவீதம், நிஃபெடிபினில் 80, வெற்று மாத்திரையில் 80. பிறகு 2018இல், 3,000 பேருக்கு மேல் சேர்த்த சீன ஆய்வு ஒன்று, குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கிய, 5 மில்லிமீட்டரைத் தாண்டிய கற்களுக்கு டாம்சுலோசின் உதவுகிறது என்றது. விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் 'மாத்திரை உதவுமா' என்ற மொட்டைக் கேள்வி, 'எந்தக் கல்லுக்கு உதவும்' என்று கூர்மையாகிவிட்டது. எனக்கு இது பெரிய வெற்றியாகப் படுகிறது.

இதற்குப் பணம் போட அரசை விட்டால் வேறு யார்? டாம்சுலோசின் காப்புரிமை முடிந்த பழைய மருந்து. தண்ணீருக்கும் வாழைத்தண்டுக்கும் முதலாளியே கிடையாது. கல் ஒருமுறை வந்தவர்கள் தண்ணீர் நிறையக் குடித்தால் மறுபடி வருவது குறைகிறதா என்று இத்தாலியில் 199 பேரை ஐந்து வருடம் கவனித்தார்கள். குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் திரும்ப வந்தது. இப்படி ஒரு முடிவை விற்று எந்தக் கம்பெனியும் லாபம் பார்க்க முடியாது.

நம் நாட்டில் இந்த நிதிநல்கையைத் தரும் முக்கிய அமைப்பு ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். விண்ணப்பத்தில் பல ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான ஒரே நெறிமுறை இருக்க வேண்டும்: எந்த அளவுக் கல், எந்த நாளில் ஸ்கேன், எதை வெற்றி என்று கணக்கிடுவது. நிபுணர்கள் படித்து மதிப்பிடுவார்கள். அறநெறிக் குழு அனுமதிக்க வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். 2009இலிருந்து இது கட்டாயம். பிடிக்காத முடிவு வந்தால் கேள்வியையே மாற்றிவிடும் வேலைக்கு இங்கே பூட்டுப் போடப்படுகிறது. பணத்தில் கணிசமான பங்கு, நோயாளிக்குப் போன் போட்டு "நாலு வாரம் ஆச்சே, ஸ்கேனுக்கு வாங்க அக்கா" என்று கூப்பிடும் களப்பணியாளர்களின் சம்பளத்துக்குப் போகும். போக வேண்டிய இடமும் அதுதான். பாதிப் பேர் திரும்பி வராத ஆய்வு எதற்கும் உதவாது.

பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடுத்த வருடமே தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதே ஊரில்தான். கல்லடைப்பைப் பற்றி ஒரு கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு இருக்கிறது. இன்னொன்றில் ஸ்கேனும் அறுவை சிகிச்சை அரங்கும் இருக்கின்றன. 2023இல், சித்தா, ஆயுர்வேதம் போன்ற மருத்துவங்களைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகமும் ஐ.சி.எம்.ஆர். அமைப்பும் கூட்டு ஆய்வுகளுக்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டு கல்லூரிகளும் தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு சித்தி குடித்த சாறு உதவுகிறதா என்ற கேள்வியை விண்ணப்பமாக எழுதலாம்.

வெற்று மாத்திரை செய்யலாம். வெற்று வாழைத்தண்டுச் சாறு செய்வது லேசில்லை. நாக்கில் வைத்ததும் துவர்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். சாறு குடிப்பவர் கூடவே அதிகத் தண்ணீரையும் குடித்துவிடுகிறார் என்பது இன்னொரு சிக்கல். எனவே இரு தரப்புக்கும் ஒரே அளவு நீர் கொடுக்க வேண்டும். குடித்தவருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கல் இருக்கிறதா, போய்விட்டதா என்று எழுதுபவருக்கு, அந்தப் படம் சாறு குடித்தவருடையதா வெறும் தண்ணீர் குடித்தவருடையதா என்று தெரியவே கூடாது.