ஜாம் பேண்ட்: சொல்லும் பொருளும், தமிழில் எப்படிச் சொல்லலாம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ரசிகர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டால் ஆல்பத்தின் பெயர் அவ்வளவாக வராது, தேதிதான் வரும். ஒருவர் "ஐந்து, எட்டு, எழுபத்தேழு" என்பார், மற்றவர் "எட்டு, இருபத்தேழு, எழுபத்திரண்டு" என்பார். அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும், அதாவது 1977 மே 8, 1972 ஆகஸ்ட் 27. இரண்டும் கச்சேரி நடந்த நாட்கள். ஒரு குழுவை இப்படி நாள் சொல்லி ரசிப்பது ஏன் என்று புரிய, இந்த வகைக் குழுக்களுக்கு வழங்கும் ஜாம் பேண்ட் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஜாம் என்றால் நெருக்குவது, திணிப்பது. சாலையில் டிராஃபிக் ஜாம், பிரிண்டரில் பேப்பர் ஜாம் எல்லாம் இந்தப் பொருள்தான். ரொட்டியில் தடவும் ஜாமும் பழத்தை நசுக்கிச் செய்வதால் இதே வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. இசைக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஜாஸ் கலைஞர்கள், 1920களின் கடைசியிலும் 1930களிலும். கிளப்பில் சம்பளத்துக்கு வாசிக்கிற வேலை முடிந்த பிறகு, நடுராத்திரி தாண்டி, எழுதிவைத்த தாள் எதுவும் இல்லாமல் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் தொடர்ந்து தங்களுக்காக வாசித்துக்கொண்டது ஜாம் செஷன். ஜாம் பேண்ட் என்ற கூட்டுச்சொல் வெகுகாலம் கழித்து, 1990களில், ஃபிஷ் போன்ற குழுக்கள் பெரிதாக வளர்ந்தபோதுதான் பரவலானது. கிரேட்ஃபுல் டெட் 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியபோது அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. பின்னால் வந்த பெயரை முன்னோடிக்குச் சூட்டிவிட்டார்கள்.

சரி, ஜாம் என்றால் நடப்பது என்ன? 'டார்க் ஸ்டார்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் தனி இசைத்தட்டாக வந்தபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு வந்த நேரடிப் பதிவு ஆல்பத்தில் 23 நிமிடம். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஆரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில், ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட நடந்த திறந்தவெளிக் கச்சேரியில், அரை மணி நேரம். வரிகள் அதே வரிகள்தான், நடுவில் உள்ள பாதை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது. அன்றைக்கு வெயில் வேறு கொளுத்தி கிடார்களின் சுருதியே கலைந்துகொண்டிருந்தது, ஆனாலும் என்னைக் கேட்டால் இவர்கள் வாசித்ததில் இதுதான் உச்சம்.

முப்பது ஆண்டுகளில் 2,300 கச்சேரிகளுக்கு மேல். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்றால் எது சிறந்தது என்ற பேச்சு வராமல் இருக்குமா? அந்தப் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது, ஏனென்றால் ரசிகர்கள் பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை. 1984-இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. மைக் நட்டுப் பதிவு செய்கிறவருக்கு டேப்பர் என்று பெயர், அந்தப் பதிவு ஆடியன்ஸ் டேப். ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்தது சவுண்ட்போர்டு. இரண்டையும் கலந்தால் மேட்ரிக்ஸ். சவுண்ட்போர்டில் ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாகக் கேட்கும், ஆனால் கூட்டம் இருக்கிற மாதிரியே தெரியாது. ஆடியன்ஸ் டேப்பில் அரங்கே கேட்கும்.

1977 மே 8-க்கு வருவோம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த பதிவு இது. அவர் சேர்த்துவைத்திருந்த நாடாக்கள் வாடகைக் கிடங்கில் கிடந்து, வாடகை பாக்கிக்காக 1980களில் ஏலத்தில் போய், அப்படித்தான் ரசிகர்கள் கைக்கு வந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. 2017-இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. இதில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆக மாறும் இடத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்: ஜெர்ரி கார்சியாவின் கிடார் பழைய பாட்டின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே ஃபில் லெஷின் பேஸ் அடுத்த பாட்டுக்குத் தயாராகிவிடும். எந்த நொடியில் தாண்டினார்கள் என்று கைவைத்துக் காட்ட முடியாது. பாட்டுப் பட்டியலில் ரசிகர்கள் இதை ஓர் அம்புக்குறியாகப் போடுவார்கள்.

ரசிகர்கள் பலர் சொல்வதுபோல் கார்னெல்தான் முதலிடம் என்பதை நான் ஏற்கவில்லை. அடுத்த நாள், மே 9, பஃபலோவில் வாசித்ததை இதற்கு மேல் வைக்கிறவர்கள் நிறைய. கார்னெலின் புகழில் ஒரு பங்கு அந்த நாடா சுத்தமாக இருந்ததற்கும் அது கைமாறிக் கைமாறிப் பரவியதற்கும் உரியது. ஒப்பிடும்போது வாசிப்பையும் பதிவையும் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

இனி தமிழ்ச்சொல். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு உடனே தோன்றுவது மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனையாக விரித்துச் செல்வது. மிக நெருங்கிய சொல்தான். தொடர்பும் இல்லாமல் இல்லை: டெட் குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். 1991-இல் அவர் கொண்டுவந்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். ஆனாலும் நம் கச்சேரியில் மனோதர்மத்தைப் பாடகரோ முதன்மைக் கலைஞரோ முன்னெடுப்பார், பக்கவாத்தியம் தொடரும். ஜாமில் முன்னணி நிமிடத்துக்கு நிமிடம் கைமாறும், சில நேரம் யாரிடமுமே இருக்காது. சிலப்பதிகார உரையில் வரும் ஆளத்தி அழகான சொல், ஆனால் அது ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கு உரியது. நிரவல் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே விரிவது, அதுவும் பொருந்தாது.

என் தேர்வு கற்பனைக் கூட்டிசை. கற்பனை ஸ்வரம் நமக்குப் பழகிய வழக்கு என்பதால், முன்கூட்டி அமைக்காதது என்ற பொருள் அதில் தானாக வந்துவிடும். கூட்டிசை என்பது சேர்ந்து செய்வதைச் சொல்கிறது. ஜாம் பேண்ட் என்றால் கற்பனைக் கூட்டிசைக் குழு. நீளம்தான், எழுத்தில் முதல் தடவை இப்படி எழுதிவிட்டு அப்புறம் கூட்டிசைக் குழு என்று சுருக்கிக்கொள்ளலாம். டேப்பருக்கு வெறும் பதிவர் என்று எழுதாதீர்கள், இணையத்தில் அது வலைப்பூ எழுதுகிறவரைக் குறிக்கும். ரசிகப் பதிவாளர் என்றால் குழப்பம் வராது, குழுவின் சொந்த ஒலிப்பதிவாளரிலிருந்தும் பிரித்துக் காட்டிவிடும்.