கரண்ட் திரும்பி வரும்போது என்ன ஆகும்?

கடலூர் சிப்காட்டில் இருப்பது போன்ற ஒரு ரசாயன ஆலையை எடுத்துக்கொள்வோம். ரசாயனங்கள் வினைபுரியும் கலமான ரியாக்டருக்குள் ஒரு கலக்கி சுற்றிக்கொண்டிருக்கிறது, மேல் டேங்கிலிருந்து ஒரு ரசாயனம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, வெளி ஜாக்கெட்டில் ஓடும் குளிர்நீர் உள்ளே பிறக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. இப்போது கரண்ட் போகிறது. கலக்கி நின்றுவிட்டது, ஆனால் மேலே இருப்பது தன் எடையிலேயே இறங்கிக்கொண்டே இருக்கிறது. சரியாகக் கலக்காததால் அது வினைபுரியாமல் உள்ளே தேங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து, யாராவது அவசரமாகக் கலக்கியை ஆன் செய்தால், தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் வினைபுரியும். குளிர்நீரால் அந்த வெப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போனதைவிட அது திரும்பி வந்ததுதான் இங்கே பெரிய ஆபத்து.

இதையெல்லாம் விபத்துக்கு முன்பே உட்கார்ந்து கேட்டுப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. ஹசாப் என்பார்கள். 1960களில் பிரிட்டனின் ஐசிஐ ரசாயன நிறுவனத்தில் உருவானது, இன்று ஐஇசி 61882 என்ற சர்வதேசத் தரமாகவே இருக்கிறது. ஆலையின் பைப் படத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ‘இல்லை’, ‘அதிகம்’, ‘குறைவு’, ‘தலைகீழ்’ என்று வரிசையாகச் சொற்களை வைத்துக் கேட்க வேண்டும். இதையே மின் அமைப்புக்குப் பொருத்தினால் சேஃபாப். பைப் படத்துக்குப் பதிலாக, மின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளில் காட்டும் சிங்கிள் லைன் டயகிராம், நீரோட்டத்துக்குப் பதிலாக வோல்டேஜ், கரண்ட், ஃப்ரீக்வென்சி. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு என்ன ஆபத்து, அமைப்பு தாக்குப்பிடிக்குமா, ஆபரேட்டரால் அந்த வேலையைத் தப்பில்லாமல் செய்ய முடியுமா என்று மூன்று கோணத்தில் பார்ப்பார்கள்.

‘தலைகீழ்’ என்ற சொல்லை எடுங்கள். லைன் அறுந்து, இரவோடு இரவாக ஜம்பர் எனும் இணைப்புக் கம்பி போட்டுக் கொடுக்கிறார்கள், அதில் இரண்டு பேஸ் இடம் மாறிவிடுகிறது. மோட்டார்கள் எல்லாம் எதிர்த்திசையில் சுற்றும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் எதிர்த்திசையில் சுற்றினாலும் தண்ணீரை முன்பக்கம்தான் தள்ளும், ஆனால் அளவும் அழுத்தமும் நன்றாகக் குறைந்துவிடும். கண்ட்ரோல் ரூமில் பம்ப் ஓடுவதாகப் பச்சை விளக்கு எரியும், ஆம்மீட்டரும் கரண்ட் காட்டும், ரியாக்டர் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும். பேஸ் வரிசையைப் பார்க்கும் ஒரு சின்ன ரிலே இருந்தால் போதும், இது நடக்காது.

அடுத்தது ‘இல்லை’. இதை எல்லோரும் இபி சப்ளைக்கும் ஜெனரேட்டருக்கும் கேட்டுவிடுவார்கள், பேட்டரி அறைக்குக் கேட்க மறந்துவிடுவார்கள். பழுது வந்தால் கரண்டைத் துண்டிக்க வேண்டிய பெரிய பிரேக்கர் தானாக டிரிப் ஆவதில்லை. பழுதை ரிலே கண்டுபிடிக்கும், ஆனால் பிரேக்கரைத் திறந்துவிடும் டிரிப் காயிலை இழுக்க டிசி வேண்டும், பெரும்பாலும் 110 வோல்ட், அது பேட்டரியிலிருந்து வருகிறது. பேட்டரி செத்துப்போயிருந்தாலும் சார்ஜர் ஓடுகிறவரை டிசி மீட்டர் சரியாகவே காட்டும். பேனலுக்குள் கரண்டைப் பங்கிடும் உலோகப் பட்டையான பஸ்பாரில் ஷார்ட் ஆகும்போது ஏசி வோல்டேஜ் அப்படியே சரிகிறது, அதை நம்பியிருக்கும் சார்ஜரும் கூடவே படுத்துவிடுகிறது. டிசி தேவைப்படும் அந்த நொடியில் டிசி இல்லை. மேலே இருக்கும் வேறொரு பிரேக்கர் பார்த்து அணைக்கும்வரை, காற்றின் வழியே கரண்ட் பாயும் தீப்பொறியான ஆர்க் எரிந்துகொண்டிருக்கும். அதன் வெப்பநிலை சுமார் 20,000 டிகிரி செல்சியஸ்வரை போகும், பேனல் முன்னால் நிற்பவர் மேல் பாயும் வெப்பமோ ஆர்க் எரியும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும். அதனால் மீட்டரைப் பார்த்து லாக்புக்கில் எழுதுவதோடு விடாமல், பேட்டரியில் லோடு போட்டு டிஸ்சார்ஜ் செய்து பார்க்கச் சொல்லி நான் வலியுறுத்துவேன்.

எங்கள் கடற்கரைக்கென்று தனியாகக் கேட்க வேண்டியதும் உண்டு. ‘இரண்டு ஃபீடர் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கூடாது. இரண்டும் ஒரே காரணத்தால் போகுமா? உப்புக்காற்றில் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்து, மார்கழிப் பனியில் நனைந்தால் அதன் மேலாகவே கரண்ட் கசிந்து பாயும், அது ஒரே விடியலில் இரண்டு லைனிலும் நடக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஒரு ஷிப்டுக்கு மட்டும் டீசல் வைத்திருக்கும் ஜெனரேட்டர் அப்போது எதற்கு ஆகும்? அதே ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளி சப்ளையை அறுத்தது, பின்னால் வந்த சுனாமி கீழ்த்தளத்து ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. 2004 சுனாமியையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூரில், ஜெனரேட்டர் பீடம் எவ்வளவு உயரம் என்பதையும் இந்தக் கூட்டத்தில் கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்கு டிசைன் எஞ்சினியர்கள் மட்டும் வந்தால் பாதிதான் தெரியும். நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியனைக் கட்டாயம் உட்கார வையுங்கள். எந்த பிரேக்கர் சிக்கிக்கொள்கிறது, தப்பான இயக்கத்தைத் தடுக்கும் எந்த இண்டர்லாக்கை பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்கள், கரண்ட் வந்ததும் முதலில் எதை ஆன் செய்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வெல்டிங் வேலைக்கென்று எப்போதோ இழுத்து, இன்றும் லைவாகக் கிடக்கும் ஒரு தற்காலிகக் கேபிளை அவர் சொல்லக்கூடும், படத்தில் அது இருக்காது. அப்படி ஒன்று வந்தால் அங்கேயே நிறுத்தி, அதைப் படத்தில் வரைந்த பிறகோ, ஆள் அனுப்பிக் கழற்றிய பிறகோதான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.