தூறலுக்கே கரண்ட் போவது ஏன்?

கிராமத்தில் கரண்ட் போக பெருமழை வேண்டியதில்லை, நாலு தூறல் போதும். இதற்கான காரணம் பெரும்பாலும் மின்கம்பத்தின் உச்சியில், பீங்கான் இன்சுலேட்டரில் இருக்கிறது.

11,000 வோல்ட் கம்பி இரும்புச் சட்டத்தைத் தொடாதபடி தாங்கி நிற்பது அந்தப் பீங்கான்தான். கோடை முழுக்க அதன் மேல் புழுதி படிகிறது. செங்கல் சூளை பக்கத்தில் இருந்தால் புகைக்கரி, கடலோரம் என்றால் உப்பு. காய்ந்திருக்கும்வரை இந்த அழுக்கால் பெரிய தொந்தரவு இல்லை. லேசாக நனைந்ததும் அதிலுள்ள உப்புகள் கரைந்து, பீங்கானின் மேற்பரப்பிலேயே மின்சாரம் கசியத் தொடங்கும். கசிவு முற்றினால் பொறி பறந்து, மின்சாரம் சட்டம் வழியாகப் பூமிக்குப் பாய்ந்துவிடும். கனமழை இந்த அழுக்கைக் கழுவிவிடும். அதனால்தான் அடைமழையைவிட கோடை முடிவில் வரும் முதல் தூறல் அதிகத் தொல்லை தருகிறது.

பூமிக்கு மின்சாரம் பாய்வதைத் துணை மின் நிலையத்தில் உள்ள ரிலே என்ற காவல் கருவி உணர்ந்து, நொடிக்கும் குறைவான நேரத்தில் பிரேக்கரை, அதாவது லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சை, திறந்துவிடும். தென்னை மட்டை கம்பியில் உரசினாலும், டிரான்ஸ்பார்மர் மேல் அணில் ஏறினாலும் இதே கதைதான். கிராமத்து பீடர் (துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்) பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து மின்சாரம் வாங்கி, கிளை கிளையாகப் பிரிந்து பல கிலோமீட்டர் ஓடுவது. நகரத்தில் பல இடங்களில் இருப்பதுபோல மறுபக்கத்திலிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்காது. எங்கோ ஒரு கம்பத்தில் ஏற்பட்ட பழுதுக்கு ஐந்தாறு ஊர்கள் சேர்ந்து இருளில் கிடக்கின்றன.

பழுது எந்தக் கம்பத்தில் என்று ரிலே சொல்லாது. லைன்மேன் ஒவ்வொரு பகுதியாக சுவிட்சைத் திறந்து பிரித்துவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதியைச் சேர்த்ததும் பிரேக்கர் விழுகிறதோ (மறுபடி திறந்துகொள்கிறதோ), அங்கே டார்ச் அடித்தபடி வயல் வரப்பில் நடந்து தேட வேண்டும். பழுதைச் சரிசெய்யும் நேரத்தைவிட தேடும் நேரம்தான் பல சமயம் அதிகம். இரவு மழையில் அந்த வேலையைச் செய்பவர்கள் நம் மரியாதைக்கு உரியவர்கள்.

சரி, வானம் வெறித்திருக்கும்போதும் போகிறதே? அதற்கு மோட்டார்கள் ஒரு காரணம். பம்ப்செட் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மரின் பியூஸ் உருகிவிடும். மூன்று முனைகளில் ஒரு முனை (பேஸ்) மட்டும் போனால், ஒரு தெருவில் விளக்கு எரியும், அடுத்த தெரு இருட்டாக இருக்கும்.

ஆபத்தானது, பிரேக்கர் விழாமல் போகும் நேரம்தான். அறுந்த கம்பி காய்ந்த மணலிலோ தார்ச் சாலையிலோ விழுந்தால், பூமிக்குப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும். ரிலே அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம், கம்பியில் 11,000 வோல்ட் அப்படியே நிற்கலாம். பொறி வரவில்லை, ஊரில் விளக்கு எரியவில்லை என்பதை நம்பி கிட்டே போகவே கூடாது. ஆடுமாடுகளையும் விலக்கிவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.