புகையின் விலையில் வன்னி வயலுக்கு எவ்வளவு பங்கு?

2018 டிசம்பரில் வட இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காலபோக (மாரிமழைப் பருவ) நெல் வயல்கள் வெள்ளத்துக்குள் போயின. அந்த ஒரு வெள்ளத்தை அப்படியே காலநிலை மாற்றத்தின் தலையில் போட முடியாது. ஆனால் காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அடைமழை இன்னும் கனக்கும். இப்படியான இழப்புகளைப் பணத்தில் கணக்கிட்டு, சில அரசுகள் ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு விலை போடுகின்றன. மின்நிலையத்துக்கோ வாகனப் புகைக்கோ சட்டம் கொண்டுவரும்போது, ஆகும் செலவையும் தவிரும் சேதத்தையும் ஒப்பிட இந்த விலை வேண்டும். காபனின் சமூகச் செலவு என்று அதற்குப் பெயர்.

கணினி மாதிரியில் உலகத்தை இரண்டு தடவை ஓட்டுகிறார்கள்: ஒரு தடவை வழமைபோல, மறுதடவை ஒரு தொன் கூடுதலாகப் புகைவிட்டு. வெப்பம், விளைச்சல், கடல்மட்டம், உயிரிழப்பு ஆகியவற்றில் வரும் வித்தியாசத்தை 2300ஆம் ஆண்டுவரை பணமாக எண்ணுகிறார்கள். இவ்வழியை வளர்த்த வில்லியம் நோர்ட்ஹவுஸுக்கு 2018இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எப்போதோ வரப்போகும் சேதத்துக்கு இன்று என்ன பெறுமதி? இங்கேதான் கழிவு வீதம் வருகிறது: வருங்காலப் பணத்தின் இன்றைய பெறுமதியை ஒவ்வொரு வருடத்துக்கும் இவ்வளவு என்று குறைக்கும் வீதம் அது. நூறு வருடம் கழித்து வரும் 100 டொலர் நட்டம், 2 சதவீதத்தில் இன்று ஏறத்தாழ 14 டொலர். 3 சதவீதத்தில் 5 டொலர். 7 சதவீதத்திலோ வெறும் 12 சதம். வீதத்தைக் கூட்டக் கூட்டப் பேரப்பிள்ளைகளின் நட்டம் கணக்கிலிருந்து கரைந்துவிடும்.

அப்புறம், யாருடைய நட்டம் என்பது. ட்ரம்பின் முதல் ஆட்சியில் அமெரிக்கா தன் எல்லைக்குள் நடக்கும் சேதத்தை மட்டும் எண்ணியது. தொன்னுக்கு 1 முதல் 7 டொலர்தான் வந்தது. முல்லைத்தீவில் மூழ்கும் வயலுக்கு அதில் இடமே இல்லை. 2021இல் உலகச் சேதம் மீண்டும் சேர்ந்து 51 டொலரானது. 2023இல், புதிய ஆய்வுகளையும் 2 சதவீத வீதத்தையும் கொண்டு அந்நாட்டுச் சுற்றாடல் முகவரகம் 190 டொலர் என்றது.

உலகம் முழுவதையும் எண்ணினாலும் ஒரு அநியாயம் மிஞ்சுகிறது. சந்தை விலையில் பார்த்தால், ஃபுளோரிடாக் கடற்கரை வீடொன்றுக்குப் பக்கத்தில் வன்னியின் ஓர் ஏக்கர் நெல் கண்ணுக்கே தெரியாது. நகையை அடகு வைத்து விதைத்த குடும்பத்துக்கு அந்த ஏக்கர் போனால் அடுத்த போகமும் போய்விடும். இதை எண்ணாத விலையை நியாயமான விலை என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஏழையின் இழப்புக்குக் கூடிய நிறை கொடுக்கும் முறையும் இருக்கிறது: அதன் எளிய வடிவத்தில், பத்தில் ஒரு பங்கு வருமானம் உள்ளவரின் ஒரு ரூபாய் இழப்பு பத்து ரூபாயாக எண்ணப்படும். ஜெர்மனியின் கூட்டாட்சிச் சுற்றாடல் நிறுவனம் இப்படி நிறை கொடுத்தே கணக்கிடுகிறது. 2016இல் விடப்பட்ட புகைக்கு அது போட்ட விலை தொன்னுக்கு 180 யூரோ. வருங்காலத் தலைமுறையின் நலனை நம்முடையதோடு சமமாக வைத்தால் 640 யூரோ.