வெருள் பள்ளம்: ஒரு சொல் விளக்கம்

கொஞ்சம் மனிதச் சாயல் உள்ள பொம்மை நமக்குப் பிடிக்கும். சாயல் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஆனால் ஏறக்குறைய மனிதராகவே ஆகி, பார்வையோ தோலோ மட்டும் பிசகி நின்றால், பிடிப்பு சட்டென்று அறுந்து உடம்பு கூசும். அந்தச் சரிவுக்கு ஆங்கிலத்தில் 'அன்கேனி வேலி' என்று பெயர்.

சொல் பிறந்தது ஜப்பானில். தோக்கியோவில் ரோபோத் துறைப் பேராசிரியராக இருந்த மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'புகிமி நோ தானி'. புகிமி என்பது இனம்புரியாத அச்சம், தானி என்பது பள்ளத்தாக்கு. ஆங்கிலப் பெயர் 1978இல் யாசியா ரைக்கார்ட்டின் ரோபோ நூல் வழியாக வந்தது. அந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பலர் இதை உளப்பகுப்பாய்வாளர் பிராய்டின், ஆங்கிலத்தில் 'தி அன்கேனி' எனப்படும் 1919ஆம் ஆண்டுக் கட்டுரையோடு முடிச்சுப் போடுகிறார்கள். மோரி காட்டிய உதாரணங்களில் முக்கியமானது செயற்கைக் கை. நரம்பு, நகம், நிறம் எல்லாம் அசல் போல இருக்கும். கைகுலுக்கினால் எலும்பில்லாத தொய்ந்த பிடி, குளிர்ச்சி. அந்தக் கணத்தில்தான் பள்ளம். கை அசையத் தொடங்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றார் அவர்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'விநோதம்' போதாது, அதில் வேடிக்கைதான் அதிகம், அச்சம் இல்லை. 'அணங்கு' என்னை நெடுநாள் இழுத்த சொல். தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் அணங்கை முதலில் வைக்கிறது. 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல்' என்று குறளின் காதலன் தடுமாறுவதும் எதிரே நிற்பது மனிதப் பிறவியா இல்லையா என்றுதான். இருந்தாலும் அந்தத் தடுமாற்றம் அழகில் முடிகிறது. அணங்கில் தெய்வத்தன்மையும் கலந்திருக்கிறது. ரோபோவுக்கு அது பெரிய சட்டை.

யாழ்ப்பாணத்தில் வாய்க்கு வாய் புழங்கும் சொல் இருக்கும்போது வேறெங்கும் போகவேண்டியதில்லை. மாடு வெருளும். 'பிள்ளையை வெருட்டாதை' என்று வீட்டில் சொல்வார்கள். வெரு என்றால் அச்சம். 'வெருவந்த செய்யாமை' என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. தோட்டத்தில் பழைய சட்டைக்குள் வைக்கோல் அடைத்து, பானையைத் தலையாகக் கவிழ்த்து நிறுத்துவோமே, அது வெருளி. மனித உருவம், அச்சம் இரண்டும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அதனால் 'வெருள் பள்ளம்' என்கிறேன். பள்ளத்தாக்கு வேண்டாம், சாயலுக்கும் பிடிப்புக்கும் மோரி வரைந்த வரைகோட்டில் விழும் குழிக்குப் 'பள்ளம்' போதும்.

அந்த வெருளி காகத்தை விரட்டுகிறது, நம்மை ஒன்றும் செய்வதில்லை. வெருட்சி உருவத்தில் மட்டும் இல்லை, பார்க்கும் கண்ணிலும் இருக்கிறது. பின்மனிதர் பற்றிப் பேசும்போது இது முக்கியம். தொழில்நுட்பத்தால் உடலையும் மூளையையும் மாற்றிக்கொண்டு, இன்றைய மனித எல்லையைக் கடந்துவிட்டவர்களாகக் கற்பனை செய்யப்படுவோர்தான் பின்மனிதர். ('மேன்மனிதர்' என்று எழுதாதீர்கள். அது முதலிலேயே ஏற்றத்தாழ்வை வைத்துவிடுகிறது.) அப்படி ஒருவர் அயல்வீட்டுக்கு வந்தால், அவருடைய குணம் தெரியுமுன்னே முகம்தான் நமக்குத் தெரியும். நாம் வெருண்டு ஒதுங்கினால் குற்றம் அவருடையதாகிவிடும். முகத்தை அப்படியே நகலெடுப்பதால் இது தீரும் என்று நான் நம்பவில்லை. மோரியும் நகலைத் துரத்த வேண்டாம் என்றுதான் வடிவமைப்பாளர்களிடம் சொன்னார். புத்தர் சிலைக்குச் செதுக்கிய மரக்கையை மாதிரியாகக் காட்டினார்: மரம் என்று தெரியும், ஆனாலும் தொடலாம் என்று தோன்றும்.

இங்கே போர் கால்களைப் பறித்த ஊர்களில் ஜெய்ப்பூர் கால் எல்லோருக்கும் தெரிந்த பொருள். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் உருவான ரப்பர்ப் பாதம் அது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், கோயிலுக்குள் வெறுங்காலோடு போகலாம். தோல் நிறம் துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும், நம்மோடு சேர்ந்து நிலத்தில் அமரவிடுகிற கால் அது. பின்மனிதருக்கு உடல் வரைபவர்கள் முகத்துக்கு முன்னால் இதை யோசிக்கவேண்டும்.

சரி, சொல்லைப் புழங்கும் விதம்: 'அந்த ரோபோவின் சிரிப்பு வெருள் பள்ளத்தில் விழுந்துவிட்டது.' 'கண்ணைப் பெரிதாக்கி வரைந்ததால் பாத்திரம் வெருள் பள்ளத்துக்குத் தப்பியது.'